ஈயோடு சேர்த்துப் படியெடுத்தல்: மறைமுக வலையமைப்பு ஆய்வுகளில் கருத்துத் திருட்டு

ஆவணத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் ஒருவர், மூலப் பக்கத்தில் ஓர் ஈ நசுங்கி ஒட்டிக்கிடந்ததைக் கண்டு, தாமும் ஓர் ஈயை அடித்துத் தம் படியில் அதே இடத்தில் ஒட்டினாராம். ‘ஈயடிச்சான் காப்பி’ என்ற வழக்கு அதிலிருந்து வந்தது என்பார்கள். கதை உண்மையோ பொய்யோ, அதற்குள் நுட்பமான செய்தி ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கங்களிலும் உள்ள சரியான சொற்களை வைத்து, ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று நிறுவுவது கடினம். இருவரும் தனித்தனியே சரியாக எழுதியிருக்கக்கூடும். ஒரே இடத்தில் ஒரே ஈ இருந்தால் அந்தச் சமாதானம் எடுபடாது.

2003ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் பிரிட்டன் பிரதமர் அலுவலகம் ஈராக்கைப் பற்றிய 19 பக்க ஆவணம் ஒன்றைச் செய்தியாளர்களுக்கு வழங்கியது. சதாம் உசேனின் அரசு எந்தெந்த உளவு, பாதுகாப்பு அமைப்புகளைக் கொண்டு தன் ஆயுதங்களை மறைக்கிறது, அந்த அமைப்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்துள்ளன என்பதை அது விவரித்தது. உளவுத்துறைத் தகவல் உள்ளிட்ட பல மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டது என்றும் அது சொல்லிக்கொண்டது. பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அதைப் பாராட்டிப் பேசினார். அடுத்த ஓரிரு நாட்களில் உண்மை வெளிப்பட்டது. 6ஆம் பக்கத்திலிருந்து 16ஆம் பக்கம் வரை உள்ளவை மூன்று கட்டுரைகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விரிவுரையாளர் கிளென் ரங்வாலா கண்டறிந்தார். அவற்றில் பெரும்பங்கு, இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வு மாணவர் 2002 செப்டம்பரில் ஓர் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரைக்கு உரியது. ஒரு வாக்கியத்தில், ‘நியமித்தார்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின் அல்-மராஷியின் கட்டுரையில் தவறுதலாக விழுந்திருந்த காற்புள்ளிகூட அரசு ஆவணத்தில் அதே இடத்தில் இருந்தது. சதாமின் ஆளுங்கட்சியான பாத் கட்சியின் பெயர், எந்தக் கட்டுரையிலிருந்து அந்தப் பத்தி எடுக்கப்பட்டதோ அந்தக் கட்டுரையின் எழுத்துக்கூட்டலோடு, இடத்துக்கு இடம் வேறுவேறாக அச்சாகியிருந்தது. அல்-மராஷியின் பெயர் எங்கும் இல்லை.

அரசாங்கத்தின் பரப்புரை ஆவணம் ஆய்வுக் கட்டுரை ஆகாது என்பது உண்மைதான். ஆயினும், மறைந்து இயங்கும் ஓர் அமைப்பின் உள் தொடர்புகளை விளக்கும் ஆய்வு திருடப்பட்டால் யாருக்கு என்ன கேடு விளைகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. திருட்டுக்குப் பலியானவர் அல்-மராஷி மட்டும் அல்லர். அதை விளங்கிக்கொள்ள, இத்தகைய மறைந்து இயங்கும் அமைப்புகளின் தொடர்புகளை ஆராயும் மறைமுக வலையமைப்பு ஆய்வுத்துறை எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

புள்ளிகளும் கோடுகளும்

வலையமைப்புப் பகுப்பாய்வின் அடிப்படை எளியது. ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. இருவருக்கிடையே தொடர்பு இருந்தால் அந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் ஒரு கோடு. பள்ளி மாணவர்களின் நட்பையும் அலுவலகத்தில் யார் யாரிடம் ஆலோசனை கேட்கிறார்கள் என்பதையும் இப்படி வரைந்து பார்க்கும் முறை 1930களிலிருந்தே உண்டு. வரைந்த பிறகு கணக்குப் போடலாம். யாருக்கு அதிகக் கோடுகள் உள்ளன என்பது ஒரு கணக்கு. யாரை நீக்கினால் மற்றவர்களுக்கு இடையிலான பாதைகள் அறுபடுகின்றன என்பது இன்னொரு கணக்கு. லிண்டன் ஃபிரீமன் 1977இல் வரையறுத்த ‘இடைமையம்’ என்ற அளவு இதைத்தான் பிடிக்க முயல்கிறது. கடத்தல் கும்பலில் இரண்டே பேரிடம் மட்டும் பேசும் பணம் மாற்றுபவர், கோடுகளின் எண்ணிக்கையில் கடைசியில் இருப்பார். ஆனால் கடலோரக் குழுவையும் நகரக் குழுவையும் இணைக்கும் ஒரே ஆள் அவராக இருந்தால் இடைமையக் கணக்கில் முதலிடத்துக்கு வந்துவிடுவார்.

பள்ளி மாணவர்களிடம் ‘உன் நண்பர்கள் யார்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். கும்பலிடம் அப்படிக் கேட்க முடியாது. மறைமுக வலையமைப்பு ஆய்வின் எல்லாச் சிக்கல்களும் இந்த ஒன்றிலிருந்து கிளைக்கின்றன. பிரிட்டனில் காவல் அதிகாரியாக இருந்து பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரான மால்கம் ஸ்பாரோ, 1991இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று சிக்கல்களைப் பிரித்துக் காட்டினார்: தரவு எப்போதும் முழுமையற்றிருக்கும், யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவற்றிருக்கும், வலையமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இத்துறையில் ஒவ்வொரு கோடும், ‘இவர்களுக்குத் தொடர்பு இருந்தது’ என்று சொல்வதில்லை. ‘இவர்களுக்குத் தொடர்பு இருந்ததாக, இந்த நாளில், இந்த வழியாக நமக்குத் தெரியவந்தது’ என்று சொல்கிறது.

எந்த வழியாக என்பதைப் பொறுத்துப் படமே மாறும். வேன் பேக்கர், ராபர்ட் ஃபாக்னர் ஆகிய இருவரும் அமெரிக்கக் கனரக மின்கருவி நிறுவனங்கள் 1950களில் இரகசியமாகக் கூடி விலை நிர்ணயித்த சதியை 1993இல் ஆராய்ந்தபோது, செனட் குழுவின் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களைப் பயன்படுத்தினார்கள். அங்கே தொடர்பு என்பது, நேரில் பார்த்தவர் உறுதிமொழி எடுத்துச் சொன்னது. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1994 முதல் 1996 வரை நடந்த ‘கேவியர்’ போதைப்பொருள் விசாரணையிலிருந்து கார்லோ மொர்செல்லி உருவாக்கிய 110 புள்ளிகள் கொண்ட வலையமைப்பு, ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி உரையாடல்களால் ஆனது. அங்கே நேரில் மட்டும் பேசிக்கொண்டவர்கள் படத்துக்குள் வரமாட்டார்கள், காவல்துறை யாருடைய தொலைபேசியை முதலில் குறிவைத்ததோ அவர் கூடுதல் மையமாகத் தெரிவார். வால்டிஸ் கிரெப்ஸ் 2002இல் வெளியிட்ட, செப்டம்பர் 11 விமானக் கடத்தல்காரர்கள் 19 பேரின் வலையமைப்போ செய்தித்தாள்களிலிருந்து திரட்டப்பட்டது. மூன்றும் புள்ளிகள்தாம், மூன்றும் கோடுகள்தாம். ஆனால் ஒரு கோட்டின் எடை மூன்றிலும் ஒன்றல்ல.

திருடப்படுவது என்ன?

தமிழில் ‘எழுத்துத் திருட்டு’ என்றும் ‘கருத்துத் திருட்டு’ என்றும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. இரண்டும் ஒரே பொருளில் வழங்கினாலும், ஒவ்வொன்றும் குற்றத்தின் ஒரு பக்கத்தைத்தான் தொடுகிறது. அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டில் வகுத்த ஆய்வு நெறிக் கொள்கை, பிறருடைய கருத்துகள், செயல்முறைகள், முடிவுகள், சொற்கள் ஆகிய நான்கில் எதையும் உரிய அங்கீகாரம் தராமல் தமதாக்கிக்கொள்வதைத் திருட்டு என்று வரையறுக்கிறது. தொடக்கநிலை ஆய்வாளர்கள் சொற்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். எழுத்து ஒற்றுமையைத் தேடும் மென்பொருள் பிடிப்பது அதை மட்டும் என்பதால் அது இயல்புதான்.

நான்கையும் நம் துறையில் பொருத்திப் பார்க்கலாம். வலையமைப்பு என்றால் என்ன, மையத்தன்மை (ஒரு புள்ளி வலையமைப்பில் எவ்வளவு மையமானது என்ற அளவு) என்றால் என்ன என்று விளக்கும் அறிமுகப் பத்திகளை வேறொரு நூலிலிருந்து எடுத்து ஒட்டுவது சொற்களைத் திருடுவது. நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்து, ‘ஒரே வழக்கில் சேர்த்துக் கைதானால் இவ்வளவு, பணம் கைமாறினால் இவ்வளவு’ என்று தொடர்புகளுக்கு எடை போட ஒருவர் வகுத்த அட்டவணையைப் பெயர் சொல்லாமல் பயன்படுத்துவது செயல்முறையைத் திருடுவது. பிறர் உருவாக்கிய தொடர்பு அட்டவணையை எடுத்து, புள்ளிகளின் நிறத்தையும் இருப்பிடத்தையும் மாற்றி வரைந்து, ‘எங்கள் பகுப்பாய்வில் தெரியவந்தது’ என்று எழுதுவது முடிவைத் திருடுவது. ஸ்பாரோவின் மூன்று சிக்கல்களையும் சொந்த வாக்கியங்களில் எழுதி, தாமே யோசித்துக் கண்டதுபோல் முன்வைப்பது கருத்தைத் திருடுவது. கடைசி வகையில் ஒரு சொல்கூடப் பொருந்தாது. எந்த மென்பொருளும் அதைக் காட்டிக்கொடுக்காது.

இவற்றுள் முதல் வகையைச் சிறு குற்றமாகக் கருதும் போக்கு ஆய்வாளர்களிடையே பரவலாக உண்டு. ‘வரையறையை எத்தனை விதமாகத்தான் எழுத முடியும்? என் பங்களிப்பு மூன்றாம் இயலில் இருக்கிறது’ என்பது வழக்கமான வாதம். வலையமைப்புப் பகுப்பாய்விலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் எட்வர்ட் வெக்மன், நாடாளுமன்றக் குழுத் தலைவர் ஒருவரின் வேண்டுகோளின்படி, காலநிலை ஆய்வாளர்களின் பணியை விமர்சித்து 2006இல் ஓர் அறிக்கை அளித்தார். அவ்வாய்வாளர்கள் யார் யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார்கள் என்பதை வலையமைப்பாக வரைந்து, அவர்கள் ஒருவர் கட்டுரையை மற்றவர் நடுநிலையோடு மதிப்பிட முடியாத அளவுக்கு நெருங்கிய வட்டம் என்று அது வாதிட்டது. அதன் தொடர்ச்சியாக அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2008இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளிவந்தது. அதன் அறிமுகப் பகுதியிலுள்ள வலையமைப்பு விளக்கங்கள் விக்கிப்பீடியாவிலிருந்தும் பாடநூல்களிலிருந்தும் மூலம் குறிப்பிடாமல் எடுக்கப்பட்டவை என்று பின்னர் தெரியவந்ததால், 2011இல் ஆய்விதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2012இல் பல்கலைக்கழகம் வெக்மனுக்கு எழுத்து மூலம் கண்டனம் தெரிவித்தது. கட்டுரை அனுப்பப்பட்ட ஒரு வாரத்திற்குள் ஏற்கப்பட்டிருந்தது என்பதும் அப்போது வெளியே வந்தது. பிறருடைய நெருக்கமான வட்டம் மதிப்பீட்டைக் கெடுக்கிறது என்று வாதிட்ட கட்டுரைக்கு நேர்ந்தது இது.

‘அறிமுகப் பகுதிதானே’ என்ற வாதம் இங்கே தோற்றது நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஓர் அளவை சொந்த வாக்கியத்தில் விளக்க முடியாதவர், தம் தரவுக்கு அந்த அளவு பொருந்துமா என்று தீர்மானித்திருக்க முடியாது. அறிமுகத்தில் ஒட்டுப்போட்டவரின் கணக்குகளை வாசகர் இரண்டாம் முறை சரிபார்க்க விரும்புவது இயல்பு.

சான்று அறுபடும்போது

கருத்துத் திருட்டைப் பொதுவாக ஓர் எழுத்தாளருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே விளக்குகிறோம். உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு என்பது எல்லாத் துறைக்கும் பொருந்தும். மறைமுக வலையமைப்பு ஆய்வில் இன்னொரு கேடு சேர்கிறது: மூலத்தை மறைத்தவுடன் தரவின் பொருளே மாறிவிடுகிறது. மேலே பார்த்ததுபோல் ஒவ்வொரு கோட்டின் மதிப்பும் அது எங்கிருந்து வந்தது என்பதில் அடங்கியிருக்கிறது. மேற்கோள் இங்கே நன்றி தெரிவிக்கும் மரியாதையாக மட்டும் நிற்பதில்லை. அது தரவின் ஓர் அங்கம்.

கிரெப்ஸின் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். முன்பே நெருங்கிய பழக்கம் இருந்தவர்களை மட்டும் இணைத்துப் பார்த்தபோது, 19 பேருக்குள் ஒருவரிடமிருந்து மற்றவரை அடைய சராசரியாக 4.75 படிகள் தேவைப்பட்டன. இவ்வளவு சிறிய குழுவுக்கு இது மிக நீண்ட தூரம். இடையிடையே நடந்த சில சந்திப்புகளைச் சேர்த்ததும் அது 2.79 ஆகக் குறைந்தது. சாதாரண நேரத்தில் ஒருவரை ஒருவர் அறியாமல் விலகியிருந்து, வேலைக்குத் தேவையானபோது மட்டும் நெருங்கி, மீண்டும் விலகும் அமைப்பு என்பது அவர் கண்ட முடிவு. குழுத் தலைவர் முகமது அட்டா மையத்தன்மைக் கணக்குகளில் முன்னால் வந்தார். ஆனால் அதே கட்டுரையில் கிரெப்ஸ் ஓர் எச்சரிக்கையையும் எழுதினார்: இந்த மையத்தன்மை அளவுகள் சிறு மாற்றத்துக்கும் அசையக்கூடியவை; புதிதாக ஒரு ஆளோ ஒரு தொடர்போ தெரியவந்தால் முதலிடம் கைமாறலாம்.

இந்த எண்களை மூலம் குறிப்பிடாமல் எடுத்து எழுதுபவர் எச்சரிக்கையை எடுப்பதில்லை. எடுத்தால், ‘யாருடைய தரவு அசையக்கூடியது?’ என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு விடை மூலத்தை நோக்கிக் கைகாட்டும். ஆகவே திருடப்பட்ட முடிவு, மூலத்தில் இருந்ததைவிட உறுதியான தொனியில் மறுபிறவி எடுக்கிறது. ‘செய்தித்தாள்களின்படி’ என்பது உதிர்ந்துவிடுகிறது, ‘இதுவரை கிடைத்த தகவலில்’ என்பதும் உதிர்ந்துவிடுகிறது, எண் மட்டும் நிற்கிறது.

தரவு பின்னர் திருத்தப்படும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. அட்டா 2001 ஏப்ரலில் செக் நாட்டின் தலைநகர் பிராகாவில் ஈராக் உளவு அதிகாரி ஒருவரைச் சந்தித்தார் என்ற செய்தி, தாக்குதலுக்குப் பிந்தைய மாதங்களில் உலகெங்கும் வெளியானது. கிடைத்துள்ள சான்றுகள் அந்தச் சந்திப்பை ஆதரிக்கவில்லை என்று அமெரிக்க விசாரணை ஆணையம் 2004இல் முடிவு சொன்னது. 2002இல் நாளிதழ் செய்தியை நம்பி ஓர் ஆய்வாளர் இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒரு கோடு போட்டு, நாளையும் இதழையும் குறித்து வைத்திருந்தால், 2004இல் அதைப் படிப்பவர் அந்தக் கோட்டை அழித்துவிடலாம். அதே அட்டவணையை மூலமின்றி எடுத்துத் தன் பெயரில் வெளியிட்டவரின் கட்டுரையில் அந்தக் கோடு அழியாது. எதன் அடிப்படையில் போடப்பட்டது என்று தெரியாததால் எந்தத் திருத்தமும் அதைச் சென்று சேராது.

மூன்றாவது கேடு, எண்ணிக்கை பெருகுவது. ஒருவர் எழுதியதை இருவர் பெயர் சொல்லாமல் எடுத்தால், நான்காவதாக வரும் ஆய்வாளரின் முன் மூன்று தனித்தனிச் சான்றுகள் இருப்பதுபோல் தோன்றும். ஒரே கிணற்றுத் தண்ணீரை மூன்று குடங்களில் மொண்டு வைத்து, மூன்று கிணறுகளிலும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போன்றது இது. பிற துறைகளில் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து இந்த மயக்கத்தைத் தெளியலாம். கலைந்துபோன கும்பலை மீண்டும் கூட்டி ஒட்டுக்கேட்க முடியாது.

2003 ஆவணத்தில் நடந்தது இதுதான். அல்-மராஷியின் கட்டுரை, 1991 வளைகுடாப் போரையொட்டிக் கைப்பற்றப்பட்ட ஈராக்கிய ஆவணங்களைச் சார்ந்திருந்தது. மூலம் மறைக்கப்பட்டதும், ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு முந்தைய நிலவரம் இன்றைய உளவுத் தகவலின் தோற்றம் பெற்றது. அதோடு நிற்கவில்லை. ஈராக் உளவுத்துறை வெளிநாட்டுத் தூதரகங்களைக் ‘கண்காணிக்கிறது’ என்று இருந்த இடத்தில் ‘உளவு பார்க்கிறது’ என்றும், பகை நாடுகளின் ‘எதிர்க்குழுக்களுக்கு உதவுகிறது’ என்று இருந்த இடத்தில் ‘பயங்கரவாத அமைப்புகளை ஆதரிக்கிறது’ என்றும் மாற்றப்பட்டன. ஒரு துணைப்படையின் ஆள்பலத்தை 18,000 முதல் 40,000 வரை என்று மூலக் கட்டுரைகளில் ஒன்று மதிப்பிட்டிருக்க, ஆவணத்தில் அது 30,000 முதல் 40,000 என்று ஆனது. அடிக்குறிப்பில் மூலம் இருந்திருந்தால், எடுத்துப் பார்த்த முதல் ஆளே இந்த மாற்றங்களைக் கண்டுபிடித்திருப்பார். மேற்கோளை நீக்கியதால்தான் இந்தத் திரிப்புகளுக்கு இடம் கிடைத்தது.

இரகசியம் என்ற சாக்கு

இத்துறைக்கே உரிய ஒரு சமாதானம் உண்டு. ஆய்வு மாணவர்கள் இதில் உண்மையாகவே குழம்புகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘எங்கள் துறையில் மூலத்தை வெளியிட முடியாது, தகவல் தந்தவர்களின் உயிருக்கு ஆபத்து’ என்பதே அந்தச் சமாதானம்.

இதில் பாதி உண்மை. சிறையில் பேட்டி கண்டவரின் பெயரை வெளியிடக் கூடாது. விசாரணைக் கோப்பைப் பார்க்க அனுமதித்த அதிகாரியின் பெயரையும் ஒப்பந்தப்படி மறைக்க நேரலாம். மொர்செல்லியின் கேவியர் வலையமைப்பில் மனிதர்கள் எண்களாகவே வருகிறார்கள். ஹஷீஷ் கடத்தலின் தலைவர் முதல் எண், கோக்கேன் பிரிவை நடத்தியவர் பன்னிரண்டாம் எண். ஆனால் எண்ணுக்குப் பின்னால் மறைக்கப்பட்டது மனிதரின் அடையாளம் மட்டுமே. தரவு எந்த விசாரணையிலிருந்து வந்தது, எத்தனை கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது, அது தொலைபேசித் தொடர்பா நேரடிச் சந்திப்பா என்பன எல்லாம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளன. கைது செய்யாமல் சரக்கை மட்டும் தொடர்ந்து பறிமுதல் செய்துகொண்டு, கும்பல் எப்படித் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்று பார்க்க வழிவிட்ட அபூர்வமான விசாரணை அது என்பதும் நமக்குத் தெரிகிறது. அது தெரியாமல் அந்த வலையமைப்பு காலப்போக்கில் ஏன் சிதறியது என்று விளக்கவே முடியாது.

தகவல் தந்தவரை மறைப்பது கடமை. அச்சில் வந்த கட்டுரையை மறைப்பதற்கு அந்தக் கடமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. அச்சிட்ட கட்டுரையின் ஆசிரியர் ஏற்கெனவே தம் பெயரோடு உலகத்தின் முன் நிற்கிறார். ‘நம்பகமான வட்டாரங்களிலிருந்து பெறப்பட்டது’ என்று எழுதுபவர், அந்த வட்டாரம் ஒரு கைதியா, காவலரா, நீதிமன்றப் பதிவா, பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடா என்ற வகையையாவது சொல்லியாக வேண்டும். அதையும் சொல்லாத இடத்தில் சந்தேகப்படுவது வாசகரின் உரிமை.

எது திருட்டு அல்ல

இவ்வளவு சொன்ன பிறகு, பிறர் தரவைத் தொடுவதே தவறு என்ற அச்சம் தொடக்கநிலை ஆய்வாளருக்கு வரக்கூடாது. இத்துறையில் நல்ல தரவு மிக அரிது. ஆகவே பகிர்ந்து பயன்படுத்துவதே முறை. கேவியர் தரவு பலராலும் மீண்டும் மீண்டும் எடுத்து ஆராயப்படுகிறது. அதன்மீது புதிய கணக்கைச் செய்து பார்ப்பவர், ‘தரவு மொர்செல்லியுடையது, கணக்கு என்னுடையது’ என்று பிரித்துச் சொன்னால் போதும். பழைய முடிவை அதே தரவில் சரிபார்த்து, ‘எனக்கும் இதே விடைதான் வந்தது’ என்று எழுதுவதும் மதிப்புள்ள பணியே. அதைப் புதிய கண்டுபிடிப்பாகக் காட்டுவதுதான் குற்றம்.

தமிழ் இலக்கண மரபு முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து வைத்தது. வழிநூல் எழுதுவதில் இழிவு இல்லை. வழிநூலுக்கு முதல்நூல் என்று பெயர் சூட்டினால்தான் இழிவு.

தன்னிடமிருந்தே திருடும் வகையும் உண்டு. ஒரே கும்பல், ஒரே 60 புள்ளிகள்; ஒரு மாநாட்டுக் கட்டுரையில் ஒரு மையத்தன்மை அளவு, அடுத்ததில் இன்னொன்று, முன்னுரை மட்டும் சொல் மாறாமல் ஐந்து முறை. இங்கே எவருடைய உழைப்பும் களவாடப்படவில்லை என்றாலும், ஒரு கிணற்றுக்கு ஐந்து குடம் என்ற பழைய சிக்கல் திரும்பி வருகிறது. முந்தைய கட்டுரைகளைக் குறிப்பிட்டுவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விழுக்காட்டை நம்பலாமா?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு அளிப்பவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு உட்பட்டவர்கள். அவை பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமையை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 விழுக்காடு வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால், திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்கு அளிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்தாகும். முறையாக மேற்கோள் காட்டப்பட்ட பகுதிகளும், நூற்பட்டியலும், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான பொதுவான தொடர்களும் கணக்கில் சேர்வதில்லை.

விதிகள் இருப்பது நல்லதே. ஆனால் அவற்றைப் படித்த மாணவர், ‘9 விழுக்காடு வந்தால் நான் யோக்கியன்’ என்று முடிவுகட்டுவதை நெறியாளர்கள் தடுக்க வேண்டும். மென்பொருள் சொற்களின் ஒற்றுமையை அளக்கிறது, திருட்டை அளப்பதில்லை. பிறர் அட்டவணையைப் படமாக மாற்றி ஒட்டினால் ஒற்றுமை சுழியம். மாறாக, சட்டப் பிரிவுகளை அப்படியே தந்த நேர்மையான ஆய்வேட்டில் விழுக்காடு ஏறிக் காட்டலாம்.

விழுக்காட்டைக் குறைக்கவே சொற்களை இயந்திரம் மூலம் மாற்றும் வழக்கமும் வந்துவிட்டது. அதன் விளைவை கியோம் கபனாக், சிறில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகிய மூவரும் 2021இல் எடுத்துக்காட்டினார்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற ஆங்கிலத் தொடர் ‘போலி உணர்வு’ என்றும், ‘பெருந்தரவு’ என்பது ‘பிரம்மாண்டத் தகவல்’ என்றும், ‘மார்பகப் புற்றுநோய்’ என்பது ‘நெஞ்சு ஆபத்து’ என்றும் பொருள்படும்படி சிதைந்து, அச்சான ஆய்விதழ்களிலேயே இடம்பெற்றிருந்தன. எழுதியவர் படிக்கவில்லை, மதிப்பிட்டவரும் படிக்கவில்லை. ஈயை ஒட்டாமல் இருக்கத் தெரிந்துகொண்டவர்கள், தாமே புதிய ஈக்களை உற்பத்தி செய்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியது எளிதுதான், சலிப்பூட்டக்கூடியது என்பதைத் தவிர. தொடர்பு அட்டவணையில் ஒவ்வொரு கோட்டுக்கும் கூடுதலாக மூன்று கட்டங்கள் வைத்து, எந்த ஆவணம், எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று முதல் நாளிலிருந்தே நிரப்பி வர வேண்டும். பெயர்களின் எழுத்துக்கூட்டல் மூலத்தில் எப்படி இருந்தது என்பதைத் தனியே குறித்துக்கொண்டால், அரபு, ரஷ்ய, சீனப் பெயர்களில் ஒரே ஆள் இருவராகப் பிரிந்துபோவதையும் தடுக்கலாம். இன்னொருவர் கட்டுரையில் கண்ட தொடர்பாக இருந்தால், அவர் காட்டிய ஆவணத்தைத் தேடிப் படித்தோமா, அவர் சொன்னதை நம்பி எழுதினோமா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். படிக்காத ஆவணத்தைப் படித்ததுபோல் மேற்கோள் காட்டுவது இத்துறையில் மலிந்து கிடக்கும், எவரும் பெரிதுபடுத்தாத திருட்டு.

2003 ஆவணத்துக்கு ஒரு பின்கதை உண்டு. பிரதமர் அலுவலகம் அதை இணையத்தில் வேர்டு கோப்பாக வெளியிட்டிருந்தது. அந்தக் காலத்து வேர்டு கோப்புகள், கடைசியாக எந்தெந்தப் பயனர்கள் எந்தெந்த இடத்தில் கோப்பைச் சேமித்தார்கள் என்ற பதிவைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும். அதைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான்கு அரசு ஊழியர்களின் பெயர்களும், கோப்பு ஒருவரிடமிருந்து மற்றவரிடம் சென்ற வரிசையும் கிடைத்தன. 2003 ஜூனில் நாடாளுமன்ற வெளியுறவுக் குழு பிரதமரின் தகவல் தொடர்பு இயக்குநர் அலஸ்டேர் காம்பெலை விசாரித்தபோது, அந்த நான்கு பேரும் யார், யார் பொறுப்பு என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று.